பெட்டிச் சைக்கிளில் கொப்பன்ஹேகன்

கொப்பன்ஹேகனை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று ஹம்பேர்க்கில் எல்லோரும் சொன்னார்கள். சுத்தப் பொய். அரை நாளே அதற்கு அதிகம். மிச்ச அரை நாள், சைக்கிள்காரர்கள் மணியடித்து நம்மை ஓரம் கட்டுவதில் போய்விடும்.

இருந்தும் போனேன். ஊர் பார்க்கப் போவதாகச் சொல்லி வேலையில் லீவு கேட்டேன். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத ஜெர்மன்காரர். "டென்மார்க்கா? அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டார். ஒரு மாப்பிள்ளையை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கடலை என்றேன். கடல் இங்கேயும் இருக்கிறதே என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

என் அக்கா பீலெஃபெல்டில் இருக்கிறார். அவருடைய மகள் அபிராமிக்கு இருபத்தொன்பது வயது, பிசியோதெரபி வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில் நிரோஷன் என்ற டென்மார்க் பெடியனைச் சந்தித்திருக்கிறாள். அதிலிருந்து போனும் கையுமாக இருந்து, இந்த வருஷம்தான் தாயிடம் வாயைத் திறந்தாள். அக்கா கத்தவில்லை, அழவில்லை. "பெடியன் நல்லவனா இருக்கலாம். ஆக்கள் ஆர் எண்டு தெரியாமல் நான் ஓம் எண்டு சொல்லேலாது," என்றார்.

ஆக்கள் ஆர் என்றால் என்ன சாதி என்று அர்த்தம். ஆனால் எங்களில் யாரும் அதை அப்படிக் கேட்பதில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள். "ஊரிலை எவ்விடம்?" என்று கேட்போம். ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்போம். கோயிலைச் சொன்னால் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்போம். ஒழுங்கை தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு ஆள் அனுப்பவும் ஒரு முறை வைத்திருக்கிறோம். பெண் வீட்டில் நாக்கு நீளமான ஒருவர், சும்மா இடம் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போவார். மாப்பிள்ளை வீட்டார், இவ்வளவு தூரம் வந்தனீங்கள், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்பார்கள். எதற்கு வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் நீளமான நாக்கு என்னுடையது. அதனால் போகவேண்டியவளும் நான்தான்.

போவதற்கு முதல் நாள் பின்னேரம் அபிராமி போன் எடுத்தாள்.

"சின்னம்மா, அம்மா உங்கடை சொல்லைத்தான் கேப்பா. நீங்கள் ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா எல்லாம் முடிஞ்சுது."

"நான் என்ன நீதிபதியோ? அவ்வளவு விருப்பமெண்டா ரெண்டு பேரும் போய்க் கலியாணம் எழுத வேண்டியதுதானே."

"அம்மா இல்லாமல் நான் கட்டமாட்டன் சின்னம்மா. அம்மாவையும் விடேலாது, அவனையும் விடேலாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு ஒண்டுமே பிடிக்காது. அதுதான் பயமாயிருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எவ்வளவோ பிடிக்கும். என்னவென்று அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ரயில் விடியப்புறமே வெளிக்கிட்டது. எல்லை தாண்டியதும் டென்மார்க் பொலிஸ்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே அடையாள அட்டை கேட்டார். ஜெர்மன் பொலிஸ் சிரிக்காது. குறைந்தது என்ன நினைக்கிறது என்று தெரியும். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே வயல், மின்சாரம் எடுக்கிற காற்றாடி, வயல், காற்றாடி. தோசைக்கல் மாதிரித் தட்டையான தேசம். எதிரே இருந்த ஜெர்மன் மனுஷன் தன் மனைவியிடம், "மலை ஏதாவது தெரிந்தால் எழுப்பு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கொப்பன்ஹேகன் வரும்வரை அந்தப் பெண் அவரை எழுப்பவில்லை.

ஸ்டேசன் வாசலில் நிரோஷன் நின்றான். நெடுவல், முப்பத்தொரு வயது, கண்ணாடி, மழைக்கு ஒரு மஞ்சள் ஜக்கெற். காற்றாடி செய்கிற கொம்பனியில் எஞ்சினியர் என்று அபிராமி சொல்லியிருந்தாள். வழியெல்லாம் என் கண்ணைக் குத்திய காற்றாடிகளுக்கு இவனும் ஒரு காரணம்.

"வணக்கம் அன்ரி. பயணம் சுகமாய் இருந்ததோ?"

"இருந்தது. கார் எங்கை தம்பி?"

"என்னட்டைக் கார் இல்லை அன்ரி. இதைப் பக்கத்து வீட்டுக்காரரிட்டைக் கேட்டு வாங்கினனான்."

அவன் காட்டியது ஒரு சைக்கிள். சைக்கிள் என்றால் முன்னால் இரண்டு சில்லு, அந்த இரண்டு சில்லுக்கும் நடுவில் ஒரு பெரிய மரப்பெட்டி. பக்கத்து வீட்டுக்காரர் அதில் வைத்துத்தான் தன் பிள்ளைகளை நேர்சரிக்குக் கொண்டுபோவாராம்.

"அப்ப நான் எதிலை வாறது?"

அவன் பெட்டியைப் பார்த்தான். உள்ளே எனக்காக ஒரு குஷன் போட்டிருந்தான். அதில் டைனோசர் படம் இருந்தது.

ஐயோ கடவுளே. ஐம்பத்து நாலு வயதில், புது நீலச் சல்வாரோடு, கொப்பன்ஹேகன் ஸ்டேசன் வாசலில் நான் ஒரு பெட்டிக்குள் ஏறினேன். ஒரு காலைப் போட்டேன், மற்றக் கால் வர மறுத்தது. அவன் கையைப் பிடித்தான். பக்கத்தில் சைக்கிள் பூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து மற்றக் கையைப் பிடித்தாள். இந்தக் கோலத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போன ஒரு சின்னம்மா எங்கள் பரம்பரையிலேயே இருந்திருக்கமாட்டாள்.

பெட்டிக்குள் இருந்தால் அந்த நகரத்தில் தெரிவது பின்பக்கங்கள் மட்டும்தான். முன்னால் ஒரு நூறு சைக்கிள், நூறு பின்பக்கம். கோட்டும் சூட்டும் போட்டவர்கள், கர்ப்பிணிகள், கையில் கோப்பிக் கோப்பையோடு ஒருவர், தோளில் ஏணியோடு ஒருவர். மழைத் தூறலில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நிம்மதியான முகம். உலகத்திலேயே சந்தோஷமான சனம் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்வார்களாம். இந்தக் காற்றில் முகத்தை அசைக்க ஏலாது. அதைச் சந்தோஷம் என்று யாரோ எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பெட்டிக்குள் இருந்தபடியே தலையைத் திருப்பி வேலையைத் தொடங்கினேன்.

"தம்பியாக்கள் எவ்விடம்?"

"நாங்கள் இஞ்சை விமான நிலையப் பக்கம் அன்ரி."

"இஞ்சை இல்லை. ஊரிலை."

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?"

அவன் மிதித்துக்கொண்டே யோசித்தான். "ரவுணிலையிருந்து பஸ்ஸிலை ஒரு மணித்தியாலம் வரும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை ஊர், எத்தனை ஒழுங்கை!

முதலில் அவர்களுடைய பேர்போன சிலைக்குக் கொண்டுபோனான். கடற்கரையில் ஒரு கல்லுக்கு மேல் வெண்கலத்தில் ஒரு கடற்கன்னி குந்தியிருக்கிறாள். உலகம் முழுக்க அவள் படம்தான். நேரில் பார்த்தால் எங்கள் முதியோர் இல்லத்து வாசலில் இருக்கிற தோட்டக் குள்ளன் பொம்மையைவிடக் கொஞ்சம் பெரிது. அவளைச் சுற்றி இருநூறு பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு அமெரிக்கப் பெண் தன் புருஷனிடம், "இதுக்காகவா என்னை இவ்வளவு தூரம் நடக்க வைத்தாய்?" என்று கேட்டாள். அந்த மனுஷன், "மிச்சமும் இருக்கும், தண்ணிக்குள்ளே," என்றார். அன்று முழுக்க நான் கேட்ட புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

பிறகு நிறம்நிறமாய் வீடுகள் நிற்கிற துறைமுகக்கரை. மஞ்சள், சிவப்பு, நீலம். படத்தில் பார்த்ததுதான், படத்தில் காற்று இல்லை. சனம் கரை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பியர் குடித்தது. ஹம்பேர்க்கில் அப்படி இருந்தால் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு கிழவர் வந்து ஏசுவார். இங்கே கிழவர்களும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். எங்கள் துறைமுகத்தின் ஒரு மூலையை வெட்டிப் பெயின்ற் அடித்து வைத்தால் இதுதான். நிரோஷனிடமும் அதைச் சொன்னேன்.

"ஓம் அன்ரி, ஹம்பேர்க் பெரிசுதான்," என்றான். கோபமே வரவில்லை. ரோஷம் இல்லாதவனோ என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

படம் எடுக்க இறங்கி நின்ற இடத்தில் ஒருத்தி மணியடித்துக்கொண்டே என் தோளை உரசிப் போனாள். போகிற போக்கில் ஏதோ கத்தினாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "நீங்கள் சைக்கிள் பாதையிலை நிக்கிறியள் எண்டு சொல்லுறா." அவ்வளவு நீளமாகவா கத்தினாள் என்றேன். "மிச்சத்தை மொழிபெயர்க்கேலாது அன்ரி." அட, சந்தோஷமான சனத்துக்கும் வாய் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். அந்த நாட்டுச் சாப்பாடு என்று பெருமையாகத்தான் சொன்னான். ஒரு துண்டுக் கறுத்தப் பாண். அதற்கு மேல் வினாகிரியில் ஊறிய பச்சை மீன், அதற்கு மேல் வெங்காயம், அதற்கும் மேல் ஏதோ புல். மூடுவதற்கு மற்றப் பாண் துண்டு இல்லை. முடிக்காமல் விட்ட சண்ட்விச்சை முள்ளுக்கரண்டியும் கத்தியும் வைத்து மரியாதையாகச் சாப்பிட வேண்டுமாம். விலையைப் பார்த்தபோது மற்றத் துண்டையும் கேட்டு வாங்க வேண்டும்போல இருந்தது. எங்கள் இல்லத்தில் பல் இல்லாத சனத்துக்குக்கூட நான் மீனை வேகவைத்துத்தான் கொடுக்கிறேன்.

அவன் தன் தட்டிலிருந்த பொரித்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தான். "உங்களுக்கு இது சரிவரும் அன்ரி. அதை இஞ்சாலை தாங்கோ." என்னுடைய புளித்த மீனை முகம் சுளிக்காமல் சாப்பிட்டான்.

இப்படிப்பட்ட நேரத்தில் வைக்கிற பொறி ஒன்று எங்களிடம் இருக்கிறது. வைத்தேன்.

"பியர் வேணுமெண்டா எடுங்கோ தம்பி. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"வெள்ளிக்கிழமையிலை ரெண்டு குடிப்பன் அன்ரி. இண்டைக்கு வேண்டாம், உங்களை வைச்சு ஓடோணும்."

குடிக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் பொய்யன் என்று எழுதிவைத்திருப்பேன். இரண்டு என்று எண்ணிச் சொல்கிறவனை என்ன செய்வது? அடுத்த வழியால் போனேன்.

"ஊரிலை உங்கடை ஆக்களின்ரை கோயில் எது?"

"ஒரு பெரிய அரசமரம் நிக்குதாம். சின்னனிலை ஒருக்காப் போனனான். எனக்கு எறும்பு கடிச்சது மட்டும்தான் ஞாபகம்." வாயைத் துடைத்துக்கொண்டான். "உதெல்லாம் அம்மாவைக் கேளுங்கோ. அம்மாவுக்கு எல்லாம் பாடம்."

சாப்பிட்டு வெளியே வந்தால் அடுத்த கோப்பிக் கடை வாசலில் ஒரு தள்ளுவண்டி. உள்ளே கைக்குழந்தை, கம்பளிக்குள் நல்ல நித்திரை. பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. யாரோ பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்! நிரோஷன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். நான் போய் வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போகிற வருகிற ஆட்களை முறைத்தேன். கடைக்குள்ளேயிருந்து ஒரு பெண் வாயில் கேக்கோடு ஓடிவந்தாள். அவள் என்னைப் பிள்ளை பிடிகாரி என்று நினைத்துவிட்டாள். நீயும் ஒரு தாயா என்று நான் அவளைத் தமிழிலேயே கேட்டுவிட்டேன். நிரோஷன் வந்துதான் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினான். இங்கே எல்லோரும் பிள்ளையை வெளியில்தான் நித்திரையாக்குவார்களாம். காற்றுப் பட்டால் நல்லதாம்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"தான் உள்ளை இருக்கேக்கை இன்னும் அரை மணித்தியாலம் நிக்க ஏலுமோ எண்டு கேக்கிறா," என்றான் நிரோஷன்.

பகிடி விடுகிறாள்! எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஆனால் நிரோஷன் அந்தத் தெருவின் கடைசிவரை சிரித்துக்கொண்டே மிதித்தான். பாலத்து ஏற்றத்தில் இறங்கி, என்னைப் பெட்டியோடு சேர்த்துத் தள்ளினான். மூச்சு வாங்கியது, ஆனாலும் என்னை இறங்கச் சொல்லவில்லை. தூறல் பலத்தபோது தன் மஞ்சள் ஜக்கெற்றைக் கழற்றி எனக்குப் போர்த்தினான். காலையிலிருந்து நானும் அவனில் ஒரு குறையைத் தேடிக்கொண்டிருந்தேன். விசில் அடிக்கிறான். அதுவும் சுதி சேராமல். வேறொன்றும் அகப்படவில்லை, அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு அவன் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணிக்கு.

மூன்றாம் மாடி. தகப்பன் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், அதிகம் பேசாதவர். தாய் நல்ல பளிச்சென்ற பெண், என்னிலும் ஏழெட்டு வயது கூட இருக்கும். வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ. உந்தப் பெட்டியிலையே ஏத்திக்கொண்டு வந்தவன்? விசரன். இருங்கோ, இருங்கோ."

பயற்றம் பணியாரமும் வடையும் மேசைக்கு வந்தன. ஒரு தட்டத்தில் நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பைகள் நாலு வந்தன. அலுமாரியின் மேல் தட்டில் இருந்து எடுத்த, விருந்தாளிக்கென்று வைத்த கோப்பைகள். அபிராமியின் படத்தைத் தான் போனில் வைத்திருப்பதாகவும், பிள்ளை நல்ல லட்சணம் என்றும் அந்தத் தாய் சொன்னார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. பணியாரமும் பதமாக இருந்தது. பணியாரம் பற்றி நான் இலேசில் நல்ல வார்த்தை சொல்வதில்லை. என் கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. வடையை விழுங்கிவிட்டுக் கேட்பம் என்று இருந்தேன்.

அவர் முந்திக்கொண்டார்.

"தங்கச்சியாக்கள் ஊரிலை எவ்விடம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஒரு தேசம் தாண்டி வந்தவள் நான். அதை என்னிடமே ஒருவர் கேட்பார் என்று நானும் நினைக்கவில்லை, அக்காவும் நினைக்கவில்லை. ஊரின் பெயரைச் சொன்னேன்.

"ஓ, எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்! அதிலை கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ?"

"பின்பக்கம்."

"பின்பக்கமெண்டா... வாசிகசாலை ஒழுங்கையோ?"

"ஓம்."

"ஓ..." என்றார். முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. "அந்த ஒழுங்கை ஆக்களை எனக்கு வடிவாத் தெரியும். எங்கடை வளவுக்கு வேலைக்கு வந்து போறவை. சரியான நல்ல ஆக்கள்."

எழுந்தார். தேத்தண்ணி ஊற்ற வேண்டும் என்று கோப்பைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். நாலு கோப்பையும் அதில் இருந்தன. திரும்பி வரும்போது மூன்று கோப்பைகள்தான் இருந்தன. நாலாவது ஒரு கடதாசிக் கோப்பை, ஏதோ பிறந்தநாளில் மிஞ்சியது, பலூன் படம் போட்டது. அதை என் முன்னால் வைத்தார்.

"பிடியுங்கோ தங்கச்சி. சூடு, கவனம்."

தகப்பன் நிற்பாட்டிக் கிடந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நிரோஷன் வடையைக் கடித்துக்கொண்டு, பாலம் கடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. காலையிலிருந்து ஒரு நகரத்தையே வாயால் உரித்துப்போட்ட எனக்கு ஒரு சொல் வரவில்லை. அந்தக் கோப்பையை அவருடைய கம்பளத்தில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. ஊரில் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரிலும் ஒரு சில்வர் பேணி தனியாகத் தொங்கும். அது யாருக்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். அதில் தண்ணீர் குடித்தவர்களின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. நான் பார்த்ததே இல்லை.

தேநீரைக் குடித்தேன். நல்ல தேநீர், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

புறப்படும்போது நிரோஷனின் தாய் வாசல்வரை வந்தார். "பிள்ளையளுக்கு அப்பிடி ஒண்டும் அவசரம் இல்லைத்தானே தங்கச்சி. ஆறுதலா யோசிச்சுச் சொல்லுவம்." எங்கள் பாஷையில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். பணியாரத்தில் கொஞ்சம் பொதி செய்து கையில் தந்தார்.

நிரோஷன் விசிலடித்துக்கொண்டு மிதித்தான். "அம்மாவுக்கு உங்களை நல்லாப் பிடிச்சிட்டுது அன்ரி."

"சைக்கிளை நிப்பாட்டு தம்பி."

ஓரம் கட்டினான். பெட்டிக்குள் இருந்தபடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்கையைச் சொன்னேன், வேலைக்கு வந்து போனவர்களைச் சொன்னேன், கோப்பையைச் சொன்னேன்.

"கோப்பை காணாமல் இருந்திருக்கும் அன்ரி."

"தட்டத்திலை நாலு கோப்பை இருந்தது."

அவன் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டான். "எனக்குச் சின்னனிலை ஒரு சிநேகிதன் இருந்தவன். எங்கடை வீட்டை வந்தா அவனுக்கு அம்மா கடதாசிக் கோப்பையிலைதான் குடுக்கிறவா. நான் நினைச்சன், அவன் கோப்பை உடைக்கிறவன் எண்டு. அவனை வைச்சுப் பகிடியும் பண்ணினனான்."

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"நீங்களும் காலமை துவக்கம் எவ்விடம், எந்தக் கோயில் எண்டு கேட்டனீங்கள். அதுவும் இதுக்கோ?"

"ஓம்."

"அம்மாவின்ரை ஆக்கள் உங்களுக்கு வேலைக்கு வந்த ஆக்களா இருந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். மழையில் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தவனிடம் எனக்குப் பொய் வரவில்லை. "வேண்டாம் எண்டு சொல்லியிருப்பம்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னையும் தன் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல இருந்தது. பிறகு ஏறி மிதித்தான். ஸ்டேசன்வரை விசில் இல்லை. வெட்கத்தில் நான் ஒரு கட்டடத்தையும் குறை சொல்லவில்லை.

மேடையில் என் பையைத் தூக்கி ரயிலுக்குள் வைத்துவிட்டு, "சனிக்கிழமை பீலெஃபெல்டுக்கு வாறன் அன்ரி. அம்மா வந்தாலும் வராட்டியும் வாறன். அபிராமியின்ரை அம்மா கதவைத் திறப்பாவோ?" என்று கேட்டான்.

"தெரியாது தம்பி," என்றேன். அது உண்மை.

ரயில் நகர்ந்ததும் அக்காவுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கினேன். பொரித்த மீன், பாலம், ஜக்கெற், இரண்டு பியர். அக்காவோடு சண்டை பிடித்தாவது இந்தப் பிள்ளைக்கு ஓம் வாங்கிவிட வேண்டும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன். ஜூன் மாத வெயில் அப்போதுதான் வயலில் விழத் தொடங்கியிருந்தது. போன் அடித்தது.

"என்னடி, எவ்விடமாம்?"

"நான் கேக்க முதல் அவை கேட்டவை அக்கா."

"எதை?"

"எவ்விடம் எண்டு. நான் சொன்னன். அதுக்குப் பிறகு எனக்குக் கடதாசிக் கோப்பையிலை தேத்தண்ணி தந்தவா."

அந்தப் பக்கம் குசினிக் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"மற்றவைக்கு?"

"பீங்கான் கோப்பை."

"எங்களுக்கோ?" அக்காவின் குரல் நடுங்கியது. "மீன் ஃபக்ரறியிலை மீன் கழுவின ஆக்கள் எங்களுக்குக் கடதாசியிலை குடுக்கினமோ? எங்களை வேண்டாமெண்டு சொல்ல அவ ஆர்?"

"அக்கா, பெடியன் தங்கம். நான் சொல்லுறதை ஒருக்காக் கேள்..."

"பெடியன் என்ன சொல்லுறான்?"

"சனிக்கிழமை வாறானாம். தாய் வந்தாலும் வராட்டியும்."

"தாயை விட்டிட்டோ?" அக்காவின் குரல் சட்டென்று மாறியது. பல வருஷமாக அந்தக் குரலில் நான் இவ்வளவு உற்சாகத்தைக் கேட்டதில்லை. "வரட்டும். வடிவா வரட்டும். ஆவணிக்குள்ளையே செய்து வைக்கிறன் பார். மண்டபம் பிடிச்சு, ஊரெல்லாம் சொல்லி. அந்தத் தாய்க்காரி வந்து எங்கடை வாசலிலை நிண்டு என்ரை கையாலை சந்தனம் வாங்கிப் பூசோணும். அப்ப தெரியும் ஆர் ஆக்கள் எண்டு."

நான் அடுக்கி வைத்திருந்த ஒன்றையும் சொல்ல வேண்டி வரவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று அக்கா கடைசிவரை கேட்கவும் இல்லை. மண்டபத்துக்குப் போன் எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அபிராமிக்கு எழுதினேன்: அம்மா ஓம் எண்டிட்டா. உடனே பதில் வந்தது. அழுகிற முகங்கள், இதயங்கள், திரும்பவும் அழுகிற முகங்கள். கடைசியில் ஒரு வரி இருந்தது: "சின்னம்மா, அவனைப் பற்றி அம்மாட்டை என்ன சொன்னனீங்கள்?"

அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.